வேன் சீட்டும் செல்வி அக்காவின் சம்பளமும்

முதலியார்பேட்டையிலிருந்து சேதராப்பட்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை செந்தமிழ்ச்செல்விக்கு உரியது. அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அதில் வேறு ஆள் உட்கார்ந்தால், டிரைவர் அம்மாவாசை அண்ணன் சாவியைத் திருகாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கும்போது என் ஒரு செருப்பு வேன் கூரைமேல் இருந்தது. ஏற்றிவைத்தது மாலா அக்கா. விஷமத்தில் அவளும் என் கட்சிதான், வயசுதான் நாற்பது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு மரியாதை.

எங்கள் கம்பெனியில் ஷாம்பு பாக்கெட் அடிக்கிறோம். பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்குமே, அது. நான் பன்னிரண்டாவதில் கணக்குப்பதிவியலிடம் இரண்டு முறை தோற்றுவிட்டு வந்தவள். என் அம்மா நிர்மலா இந்த லைனில்தான் நின்றாள். இடுப்பு விட்டுப்போனதும் அவளுடைய நீலத் தொப்பியும் வேன் இருக்கையும் எனக்கு வந்தன. செல்வி அக்கா மட்டும் பச்சைத் தொப்பி. பச்சை என்றால் லீடர். லைனில் இருபது பேருக்கு ஒரு பச்சை.

செல்வி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய அப்பா மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். மில் மூடியபோது அக்கா எட்டாவது. அதற்குப் பிறகு படிப்பு இல்லை, வேலைதான். ஜவுளிக்கடை, பிஸ்கெட் கம்பெனி, மருந்து அட்டை மடிக்கிற கம்பெனி, கடைசியில் இது. புருஷன் கமலக்கண்ணன் கடலூரில் வேறு குடும்பம் வைத்திருப்பது தெருவுக்கே தெரியும். அக்கா மட்டும், "கடலூர்ல கான்ட்ராக்ட் எடுத்திருக்காரு" என்பாள். மகன் விஜய் மூன்றாவது படிக்கும்போது தொடங்கிய கான்ட்ராக்ட். அவன் இப்போது பாலிடெக்னிக் முடிக்கப்போகிறான். எப்போது முடியும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காத நானே அந்தப் பக்கம் போனதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா இப்படித்தான். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அங்கங்கே ஒரு சின்னப் பொய் வைத்திருப்பாள், கிழிந்த பாவாடைமேல் நல்ல புடவை கட்டுகிற மாதிரி. ஆனால் பணம் என்று வந்தால் வேறு ஆள். கேன்டீன்காரர் தப்பாகப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று லைனை நிறுத்திவிட்டுப் போய்க் கொடுத்தவள். அதற்கு மேனேஜரிடம் திட்டு வாங்கியவள்.

அதனால்தான் வேன் சீட்டுப் பணம் அவளிடம் போனது.

அதற்கு முன்னால் வேனில் சீட்டு பிடித்தவன் ஸ்டோர்ஸ் சுப்பிரமணியன். ஏலத்தில் தள்ளு போக யாருக்கு எவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருப்பான். ஒரு மாசம், "சின்னப் பிடித்தம் ஒண்ணு இருக்குது, அடுத்த வாரம் முழுசா தந்துடறேன்" என்றான். அடுத்த வாரம் வில்லியனூரில் அவன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. போனது பெரிய தொகை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வேனில் பிடித்தம் என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. கம்பெனியில் பி.எஃப். பிடித்தால்கூட, "அது வெட்டறாங்கல்ல, அது" என்போம்.

அவன் ஓடிப்போன வருஷம், வீராம்பட்டினம் தேர் முடிந்த வாரத்தில், ஐந்து பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். செல்வி அக்கா, மாலா அக்கா, கலைமகள் அக்கா, ஷெட் கூட்டுகிற குஞ்சம்மா பெரியம்மா, என் அம்மா. இனிமேல் ஆளை நம்பிச் சீட்டு வேண்டாம், மாசம் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு மியூச்சுவல் ஃபண்டில் கட்டலாம் என்பது யோசனை. யார் பெயரில் என்று வந்தபோது ஒருத்தருக்கு பான் கார்டு இல்லை, இன்னொருத்தருக்கு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். எல்லாம் சரியாக வைத்திருந்தவள் செல்வி அக்கா மட்டும்தான். அப்போது மாலா அக்கா நேருக்கு நேர் கேட்டாளாம், உன் பெயரில் போட்டால் நீ ஓடிப்போக மாட்டாய் என்று என்ன நிச்சயம் என்று. அதற்கு அக்கா சொன்ன பதிலை என் அம்மா இன்றைக்கும் அப்படியே சொல்லிக் காட்டுவாள்.

"மாசம் இருபத்திரண்டாயிரம் வாங்கற லீடர்டி நானு. ஒங்க ரெண்டாயிரத்தத் தூக்கினு எங்க ஓடப்போறேன்?"

அந்தப் பதிலில்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கூடவே அக்கா தானாக ஒரு சட்டமும் போட்டாள். சீட்டுப் பணம் சம்பந்தமாக எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போகணும். பேங்க்குக்கு இரண்டு பேர். போனில் பட்டன் அழுத்தினால்கூடப் பக்கத்தில் ஒரு ஆள். அந்த இரண்டாவது ஆள் எப்போதும் மாலா அக்காவாகவே அமைந்தாள். நம்பிக்கை குறைவான ஆள் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது என்பாள் செல்வி அக்கா.

ஐந்து வருஷம் கட்டி முடித்தார்கள். மொத்தம் ஆறு லட்சம். அதன்பிறகு தொடாமல் விட்டிருந்தார்கள். இந்த வருஷம் கலைமகள் அக்காவுக்கு வீடு மாற வேண்டிய நெருக்கடி வந்தது. நல்ல வீடு ஒன்று ஒத்திக்குக் கிடைத்தது, இரண்டு லட்சம். சனிக்கிழமைக்குள் பணம் தராவிட்டால் வீட்டுக்காரர் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஒருத்தர் எடுத்தால் எல்லாரும் எடுத்துவிடுவோம் என்று, மாலா அக்கா பக்கத்தில் இருக்க, செல்வி அக்கா போனில் மொத்த யூனிட்டையும் விற்றாள். வியாழக்கிழமை காலை கதிர்காமம் ஆஸ்பத்திரி தாண்டும்போது மெசேஜ் வந்தது. பத்து லட்சத்துப் பத்தாயிரம்.

வேனே சத்தம் போட்டது. ஆளுக்கு இரண்டு லட்சத்து இரண்டாயிரம். கலைமகள் அக்கா சீட்டில் சம்பந்தமே இல்லாதவர்களையும் கட்டிப்பிடித்தாள். நாளைக்கே பேங்க்கில் எடுத்து, பைசா குறையாமல் அவரவர் கையில் கொடுத்துவிடுவதாகச் செல்வி அக்கா முன்னிருக்கையிலிருந்து திரும்பிச் சொன்னாள்.

அப்போதுதான் அம்மாவாசை அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, வருமான வரி எவ்வளவு என்று கேட்டார்.

அக்காவின் முகம் நான் இருந்த பக்கம் திரும்பியிருந்தது. அதனால் எனக்குத் தெரியும், அந்த நொடிவரை அவள் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. சீட்டுக்கு யார் வரி கட்டியிருக்கிறார்கள்? இது சீட்டு இல்லை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அண்ணன் நிறுத்தவில்லை. தன் மச்சான் மனை விற்றபோது முப்பது பர்சென்ட் கட்டினான், இதற்கும் அப்படித்தான், மூன்று லட்சம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள் என்றார். சாலையில் பள்ளம் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கலைமகள் அக்கா கைவிரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப பிடித்தம் உண்டுன்ற" என்றாள் மாலா அக்கா.

அந்த வார்த்தையை வேனில் கேட்டு எத்தனையோ வருஷம். வாசலோரம் இருந்த குஞ்சம்மா பெரியம்மா மெதுவாக, "சுப்பிரமணியும் இப்பிடித்தான் சொன்னான்" என்றாள். அவளுக்கு யார் மனசையும் நோகடிக்கும் எண்ணம் கிடையாது. அதனாலேயே அது ஆழமாகக் குத்தியது.

நான் போனை எடுத்துத் தேடினேன். முப்பது பர்சென்ட் கதை இதற்குப் பொருந்தாது என்று தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற ஃபண்ட் என்றால் போட்ட பணத்துக்கு வரி இல்லை, லாபத்துக்கு மட்டும்தான். அதிலும் முதல் ஒன்றேகால் லட்சத்துக்கு விலக்கு. மிச்சத்துக்குத்தான் பன்னிரண்டரை பர்சென்ட். எங்கள் லாபம் நாலு லட்சத்துப் பத்தாயிரம். சத்தமாகப் படித்தேன்.

மாலா அக்கா உடனே கணக்குப் போட்டாள். ஆளுக்கு ஒன்றேகால் விலக்கு என்றால் ஐந்து பேருக்கு ஆறேகால் லட்சம். லாபமோ நாலே சொச்சம். வரியே கிடையாது. அம்மாவாசை அண்ணனின் மச்சானை நாலு வார்த்தை திட்டவும் செய்தாள். வேன் லேசாக மூச்சு விட்டது.

"நாமதான்டி அஞ்சு பேரு. அதுல இருக்கற பேரு ஒண்ணு" என்றாள் செல்வி அக்கா.

ஐந்து பேர் ஒரே பெயரில் ஏறிப் போனதற்கு, விலக்கும் ஒரு பெயருக்குத்தான். போனில் தட்டிப் பார்த்தேன். வரியும் அதன்மேல் செஸ் என்கிற சில்லறை வரியும் சேர்த்து முப்பத்தேழாயிரத்து ஐம்பது. தலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம். அதைக் கழித்தால் கலைமகள் அக்காவின் பங்கு இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. ஏற்கெனவே அடகுக்குப் போன கம்மல் இன்னும் இருப்பதுபோல் அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு லைனில் செல்வி அக்கா இரண்டு முறை தவறான தேதி முத்திரையை மாட்டினாள். என் வேலையான விஷமத்தை அன்று நான் செய்யவில்லை. செய்யாததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மிஷன் வீதியில் வரிக் கணக்கு பார்க்கிற கிருஷ்ணசாமி என்பவரிடம் போனோம். சட்டப்படி இரண்டு பேர், செல்வி அக்காவும் மாலா அக்காவும். அம்மாவின் பங்குக்காக நானும் ஒட்டிக்கொண்டேன். மாலா அக்காவின் ஸ்கூட்டியில் மூன்று பேர். போலீஸைப் பார்க்கும் இடத்திலெல்லாம் நான் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொண்டேன்.

கிருஷ்ணசாமி மாடியில் ஓர் அறையில் இருந்தார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். செல்வி அக்காவைப் பார்த்து, பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையில், "உட்காருங்க மதாம்" என்றார். பச்சைத் தொப்பிக்குக் கிடைத்த மரியாதை என்று மாலா அக்கா என் காதில் சொன்னாள். அக்கா தொப்பியைக் கழற்ற மறந்தே வந்திருந்தாள்.

முழுக் கதையையும் கேட்டவர், எல்லாருடைய பணத்தையும் ஒருத்தர் பெயரில் வைத்தது தப்பு, அடுத்த தடவை அவரவர் பெயரில் போடுங்கள் என்று முதலில் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு கால்குலேட்டரை இழுத்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டார். இந்த லாபத்தைத் தவிர மதாமுக்கு வருஷ வருமானம் எவ்வளவு?

செல்வி அக்கா வாயைத் திறப்பதற்குள் மாலா அக்கா சொல்லிவிட்டாள். "மாசம் இருபத்திரண்டாயிரம் சார். லீடரு."

அக்கா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் சொல்லலாம், கழுத்து வலி என்றும் சொல்லலாம்.

கிருஷ்ணசாமி எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். வருஷத்தில் நாலு லட்சம்வரை வரி கிடையாது. சம்பளத்தில் கழிவு போக மிச்சம் அந்த நாலு லட்சத்தை எட்டவில்லை என்றால், காலியாகக் கிடக்கிற இடத்தில் இந்த லாபத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பியது போக மிஞ்சுகிற லாபத்தில் ஒன்றேகால் லட்சம் விலக்கு. அதற்கும் மேலே போவதற்குத்தான் வரி. போன் இதையெல்லாம் கேட்காது, அதனால்தான் முப்பத்தேழாயிரம் காட்டியது என்றார். தட்டினார். இருபத்திரண்டாயிரம் சம்பளத்துக்கு, செஸ்ஸோடு, ஒன்பதாயிரத்து அறுநூற்றிருபது.

"சம்பளம் இன்னும் கம்மியா இருந்தா இதுவும் வராது மதாம். உங்களுக்குக் காலி எடம் கொஞ்சம்தான் இருக்குது."

மாலா அக்கா தலைக்கு எவ்வளவு என்று கேட்டாள். இரண்டாயிரத்துக்கு உள்ளேதான். கலைமகள் அக்காவின் பங்கு இரண்டு லட்சத்துக்கு மேலேயே நின்றது. வீடு தப்பித்தது. மாலா அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, சரி, ஒழிந்து போகட்டும், இதை வேனில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. போன வருஷம் நாலாம் லைனுக்கு என்னை லீடராகப் போடலாமா என்று ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சம்பளம் ஏறுமா என்றேன். அங்கிருந்தவர் சிரித்தார். தொப்பி மட்டும்தான் மாறும், மூன்றாம் லைன் செல்வியும் பதினொண்ணு ஐநூறுதான் வாங்குகிறாள் என்றார். எனக்குப் பச்சை பிடிக்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. என் வாயில் ஒரு விஷயம் அவ்வளவு நாள் தங்கியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பதினொண்ணு ஐநூறை இப்போது மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கணக்குப்பதிவியல் தோற்றவளுக்கே தெரிந்தது, காலி இடம் நிறைய இருக்கிறது. வரியே வராது போலிருந்தது.

செல்வி அக்காவுக்கும் அது தெரிந்துவிட்டது. மடியில் வைத்திருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னால் யாரும் ஒரு ரூபாய்கூட விட வேண்டாம். ஆனால் அந்த இருபத்திரண்டாயிரத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் இவர்கள் அவளிடம் பணம் கொடுத்தார்கள். அதைக் கேட்டுத்தான் மாலா அக்கா அன்று வாயை மூடினாள். சம்பளத்தில் பொய் சொன்னவள் வேறு எதில் சொன்னாளோ என்று நாளைக்கு வேன் முழுக்கக் கேட்கும். சொல்லாவிட்டாலோ, கட்ட வேண்டியே இல்லாத பணத்தை நாலு பேர் கையிலிருந்து அவள் வாங்க வேண்டும்.

அவள் மூன்றாவது வழி ஒன்றைத் தேடினாள். "அந்த ஒம்போதாயிரத்தையும் நானே கட்டிக்கறேன். ஒங்களுக்கு எதுக்கு" என்றாள்.

அதுதான் தப்பாகப் போனது. மாலா அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக் கட்டணும்?"

"எம் பேர்லதான இருக்குது."

"பேரு ஒன்னுது, பணம் எங்க எல்லாரோடதும். நீ மட்டும் எதுக்குக் கட்டறேன்ற? என்ன இருக்குது இதுல?"

கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு தாக்கல் செய்யும்போது கம்பெனியின் சம்பளச் சான்று வேண்டியிருக்கும், கொண்டு வந்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அக்காவின் நெற்றியில் தொப்பி விளிம்புக்குக் கீழே வேர்த்தது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மாலா அக்கா இரண்டு நிமிஷம் இந்த அறையில் இல்லாவிட்டால் போதும். அக்கா கிருஷ்ணசாமி காதில் உண்மையைச் சொல்வாள், அவர் வேறு ஏதோ சட்டப் பிரிவைச் சொல்லி வரி இல்லை என்பார், எல்லாரும் பிழைப்போம். வராந்தாவுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் போலீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாய் எங்கள் ஸ்கூட்டியின் நிழலில் படுத்திருந்தது.

"யக்கா, வண்டியத் தூக்கறாங்க."

மாலா அக்கா படியில் இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது.

அறையில் மூன்று பேர் இருந்தோம். மின்விசிறி கிறீச்சிட்டது. செல்வி அக்கா என்னைப் பார்த்தாள். லைனில் நான் யாருடைய டிபன் பாக்ஸையாவது மாற்றி வைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"சும்மா சொன்னதான?"

நான் தரையைப் பார்த்தேன். சீக்கிரம் சொல்லுக்கா என்று மட்டும் சொன்னேன். அதிலிருந்தே எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. கிருஷ்ணசாமிக்கும் ஏதோ புரிந்திருக்கவேண்டும். ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா மதாம் என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அவ வரட்டும் சார். ரெண்டு பேரா இருக்கும்போதுதான் பேசணும்."

கீழே மாலா அக்கா என் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்டது. பிறகு படியில் காலடிச் சத்தம், ஒவ்வொன்றாக, கனமாக. இப்போதாவது கிருஷ்ணசாமி காதில் சொல்லிவிடேன் என்று எனக்கு இருந்தது. அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலா அக்கா உள்ளே வந்து, மூச்சு வாங்கியபடி என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செல்வி அக்கா சொன்னாள்.

"எழுதின சம்பளத்த அடிச்சுடுங்க சார். பதினொண்ணாயிரத்து ஐநூறு."

கிருஷ்ணசாமி எழுதுகோலை எடுக்காமல் மாலா அக்காவைப் பார்த்தார். அவள் செல்வி அக்காவைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டுன்ன."

"பொய் சொன்னேன்."

"இத்தன வருஷமா?"

"மொதல்ல ஒரு தடவ சொன்னேன். அப்புறம் நீங்கதான் சொல்லினு இருந்தீங்க. நான் இல்லன்னு சொல்லல."

கிருஷ்ணசாமி தட்டிப் பார்த்தார். நாலு லட்சத்தில் காலி இடத்தை நிரப்பியது போக மிஞ்சிய லாபம் எழுபத்து மூவாயிரம். ஒன்றேகால் லட்சம்வரை விலக்கு. கட்ட வேண்டிய வரி சைபர். ஜூலைக்குள் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம் போட்டாகணும் என்றார். குறைவாகச் சம்பாதிப்பது அக்காவுக்கு முதல் தடவையாக ஒரு உபயோகத்துக்கு வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. யாருக்கும் பட முடியவில்லை.

மாலா அக்கா எழுந்தாள். "எனக்கே பதினொண்ணு எழுநூறுடி" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நானும் செல்வி அக்காவும் ஷேர் ஆட்டோவில் வீடு வந்தோம். வழியெல்லாம் அவள் தொப்பியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க என்னிடம் நூறு வித்தை இருந்தது. ஒன்றும் எடுபடாது என்று தெரிந்ததால் ஆட்டோவுக்கு நான் காசு கொடுத்தேன்.

மறுநாள் காலை செல்வி அக்கா முன்னிருக்கையில் உட்காரவில்லை. பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவாசை அண்ணன் காலியிருக்கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். மாலா அக்கா இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது. அதுவே பயமாக இருந்தது. அவள் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

கதிர்காமம் வருவதற்குள் செல்வி அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சம்பளம், பொய், வரி இல்லை என்பது, ஏன் இல்லை என்பது. உங்கள் பணத்தில் மட்டும் நான் பொய் சொன்னதில்லை, ஆனால் அதை நம்புங்கள் என்று கேட்க இனி எனக்கு வாய் இல்லை என்றாள். குரல் நடுங்கியதா, வேன் குலுங்கியதா தெரியவில்லை.

கலைமகள் அக்காதான் முதலில் பேசினாள். அப்போது பணம் முழுசாக வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றதும் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குஞ்சம்மா பெரியம்மா சிறிது யோசித்தாள்.

"லீடருக்கு எங்களுக்கு மேல குடுக்கலயா? அப்ப அந்தத் தொப்பி எதுக்கு?"

செல்வி அக்கா கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பேங்க்குக்குப் போக அக்கா அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். கூட ஒரு ஆள் வர வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் கைகழுவிவிட்டு ஷெட் வாசலில் நின்றாள். எல்லாருடைய கண்ணும் மாலா அக்கா மேல். அவள் தன் லைனில் பாக்கெட் சரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்று சுருட்டினாள், இன்னொன்று எடுத்தாள். வேறு யாராவது போகலாமே என்று நான் எழுந்தேன். செல்வி அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். யார் வரவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆள் வராவிட்டால் பணத்தைத் தொடமாட்டாள். சனிக்கிழமை கலைமகள் அக்காவின் வீடு போனாலும் தொடமாட்டாள். கலைமகள் அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாலா அக்கா சரத்தைப் பெட்டியில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். செல்வி அக்காவைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்க்காமல், "வண்டி வெயில்ல நிக்குது, வா" என்றாள்.

பேங்க்கில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். சாயங்காலம் வேனில் பங்கு பிரித்தார்கள். மாலா அக்கா தன் கட்டை எண்ணினாள். பிறகு மறுபடியும் எண்ணினாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள் என்றாலும், அன்று இரண்டாவது தடவை எண்ணி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. சரியாக இருந்தது. கட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

திங்கட்கிழமையும் செல்வி அக்கா பின்னாலேயே வந்தாள். பின்னிருக்கைகள் முழுக்க மாலா அக்காவின் சாமான்கள் பரவியிருந்தன. டிபன் பை ஒன்றில், குடை ஒன்றில், துப்பட்டா ஒன்றில். எடுடி, உட்காரணும் என்றாள் அக்கா.

"எங்க எடுக்கறது? முன்னாடிதான் காலியா இருக்குதே" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள் மாலா அக்கா.

அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். அம்மாவாசை அண்ணன் சாவியைத் திருகினார்.

கம்பெனி வாசலில் இறங்கியபோது மாலா அக்கா லைனுக்குப் போகவில்லை. செல்வி அக்காவின் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் காட்டினாள்.

"போயி சம்பளத்தக் கேளு."

அக்கா தயங்கினாள். இத்தனை வருஷம் கேட்காமல் இப்போது எப்படிக் கேட்பது, உள்ளே போனால் தனக்குப் பேச்சு வராது என்றாள்.

"தனியா யாரு போவச் சொன்னா? பணம்னா ரெண்டு பேராப் போவணும்னு நீதான சட்டம் போட்ட. நட."

மேனேஜர் அறைக் கதவை மாலா அக்கா தட்டினாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. லைன் ஓடத் தொடங்குகிற மணி அடித்தது. நாங்கள் யாரும் லைனுக்குப் போகவில்லை. தொப்பிகளோடு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.